யாருக்குப் போட்டார்?

வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில், தொண்ணூறை நெருங்கிவிட்ட இத்தாலிய மூதாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன்; சிஞ்ஞோரா என்று கூப்பிடுவேன். “போர் முடிந்த பிறகு” என்று அவர் கதை தொடங்கினால் எனக்கு வன்னிதான் நினைவில் வரும். அவர் சொல்வது எழுபது எண்பது வருடத்துக்கு முந்திய போர் என்று பிடிபடச் சற்று நேரமாகும்.

அமெரிக்காவைப் பற்றி அவர் சொல்வது எனக்கு ஒருநாளும் ஒழுங்காக விளங்கியதில்லை. துறைமுகத்தில் குண்டு போட்டவர்களும் அமெரிக்கர்களாம், பிறகு அதே துறைமுகத்தில் கோதுமை இறக்கியவர்களும் அவர்களாம். காலையில் திட்டுவார், மத்தியானம் புகழுவார். குண்டு போட்டவர்கள் தந்த மாவுக்கே முகாமில் வரிசையில் நின்றவள் நான். அப்படியிருந்தும் தலை சுற்றியது.

போன கிழமை ஒரு பழைய கடிதத்தைக் காட்டினார். அவருடைய தகப்பன் துறைமுகத் தொழிலாளி, செங்கொடிக்காரர். அமெரிக்காவில் இருந்த தகப்பனின் அக்கா, தேர்தலுக்கு முதல் தம்பிக்கு எழுதியது. சிவப்புக் கட்சிக்குப் போடாதே, அவர்கள் வென்றால் கோதுமைக் கப்பல் நின்றுவிடும், அவர்களுக்குப் போட்டவனை அமெரிக்கா உள்ளே விடாது, உன்னை இங்கே எடுப்பதற்கான அலுவலையும் நான் விட்டுவிடுவேன் என்று இருந்தது. தெருவில் பல வீடுகளுக்கு இப்படிக் கடிதம் வந்ததாம். தகப்பன் வாக்குப் போட்டுவிட்டு வந்து, யாருக்கென்று கடைசிவரை சொல்லவில்லையாம். பிறகு அமெரிக்கா போகப் பத்திரங்கள் வந்தும் அவர் போகவில்லை. அக்காவுக்கு ஒரு வரிகூட எழுதவுமில்லை.

அப்பா யாருக்குப் போட்டிருப்பார் என்று சிஞ்ஞோரா என்னைக் கேட்டார். அக்காவின் சொல்லை மீறியது தெரிந்திருந்தால் பத்திரம் வந்திருக்காது, பணிந்திருந்தால் அவளோடு இவ்வளவு கோபம் ஏன்? எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அந்த அக்கா மேல் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவளா, கங்காணியா என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட வாய் மூடவில்லை, எனக்கு முகம் சுட்டது. ஊரில் கடைசித் தேர்தல் நடந்தபோது, பஸ்சில் இருந்துகொண்டு தம்பிக்கு நான் ஃபோனில் சொன்னது அதேதான்: “எங்கட ஆளுக்குப் போடாட்டி உன்னை இஞ்சை எடுக்கிற கதையை மற.” அங்கே வாழ்கிறவன் அவன். வீடியோ பார்த்துவிட்டுக் கட்டளை போட்டவள் நான்.

அன்று பின்னேரம் பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே அவனை அழைத்தேன். ஆருக்கடா போட்டனீ என்று கேட்டேன்.

“நீங்கள் சொன்ன ஆளுக்குத்தான் அக்கா.”

என்னைவிட ஒரு வயதுதான் இளையவன். பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிடுவான். இன்று நீங்கள் என்கிறான். நான் கோபிக்க மாட்டேன், உண்மையைச் சொல்லு என்று கெஞ்சினேன்.

“உண்மைதான் அக்கா. பேப்பர் அலுவலை நிப்பாட்டிப் போடாதேங்கோ.”