கேளாமல் எழுதிய மன்னிப்புக் கடிதம்

பிள்ளைகளே, போன கிழமை, வெளிநாட்டில் நான் குடியிருக்கும் நோபல் பார்க் கடைத்தெருவில் ஒரு பெண் தன் தள்ளுவண்டியை என் குதிக்காலில் இடித்துவிட்டாள். அவள் வாய் திறக்குமுன் நான் “சொறி” என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற என் மகள் ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, இடிச்சது அவ. நீங்கள் ஏன் சொறி சொல்லுறியள்?” அந்தச் சிரிப்பை நான் ஒரு முறை தொலைத்துவிட்டு, பாடுபட்டுத் திரும்பப் பெற்றேன். அந்தக் கதையை ஊரில் இருக்கும் என் தங்கையின் பிள்ளைகளுக்கும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் ஓ.எல் பரீட்சை வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரணிக்குப் பதினைந்து வயது. இங்கே ‘ஃபுட்டி’ என்று ஒரு விளையாட்டு உண்டு. பந்து முட்டை வடிவம். அது வானத்தில் வந்தால் நாலைந்து பேர் ஒன்றாகப் பாய்வார்கள். அப்படிப் பாய்ந்தபோது அவளுடைய முழங்கை எதிரணிப் பிள்ளையின் மூக்கில் பட்டு இரத்தம் வந்துவிட்டது. நடுவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினார். நான் அந்த நேரம் தேத்தண்ணி வாங்க வரிசையில் நின்றேன். ஒன்றையும் காணவில்லை.

அடுத்த நாள் விளையாட்டுச் சங்கத்திடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. ஆரணி எதிராளியை அடித்ததாக முறைப்பாடு. குற்றத்தை ஏற்கலாம், மறுக்கலாம், மறுத்தால் விசாரணைக்கு வரலாம் என்று நீளமாக எழுதியிருந்தார்கள். நான் பாதியோடு நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மேல் முறைப்பாடு வந்தால், தகப்பன் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு அதிபர் முன் போய் நிற்பார். என்ன நடந்தது என்று பிறகு பார்க்கலாம், முதலில் கடிதம். நானும் அகராதி பார்த்து ஆங்கிலத்தில் எழுதினேன்: மதிப்புக்குரிய ஐயா, என் மகளின் பிழையை மன்னித்தருளும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். அழகான கடிதம். அனுப்பிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

பதில் வந்தது. குற்றத்தை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி, இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. மிச்சம் இருந்ததே இரண்டு ஆட்டங்கள்தான், அரையிறுதியும் இறுதியும்.

ஆரணி குசினி வாசலில் நின்று அதை இரண்டு தரம் வாசித்தாள். “நான் அடிச்சனான் எண்டு நீங்களே எழுதிக் குடுத்தனீங்களா?”

“அடிச்சதெண்டு எழுதேல்லையம்மா. மன்னிக்கச் சொல்லித்தான்...”

“விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டு அவளிட்ட நானே சொறி சொன்னனான். அது வேற, இது வேற. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களா, அப்பா?”

கேட்கவில்லை. அதன் பிறகு மூன்று நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள்.

அந்த மூன்று நாளும் எனக்கு ஒரு பழைய வரிசைதான் ஞாபகம் வந்தது. ஆரணியின் வயதில் நான் சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் வழியில் ஒரு இராணுவக் காவலரண் இருந்தது. இறங்கி, வரிசையில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஒருநாள் அங்கே நின்ற சிப்பாய் எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். பாஷை விளங்கவில்லை. நான் தலையைக் குனிந்து “சொறி சேர்” என்றேன். என்னைப் போகவிட்டார். எனக்குப் பின்னால் வந்த சிநேகிதன், “நான் என்ன செய்தனான்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. மத்தியானம் வரை அவனை வெயிலில் முழங்காலில் நிறுத்தி வைத்தார்கள். பிள்ளைகளே, அன்றைக்கு நான் படித்த பாடம் என்னைப் பல இடங்களில் காப்பாற்றியது. அதே பாடம் என் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அணியின் பயிற்சியாளர், “தகப்பன் நேரில் வந்து விளக்கினால் மறுபடி விசாரிப்பார்கள்” என்றார். புதன்கிழமை பின்னேரம் லீவு போட்டுவிட்டு ஆரணியோடு சங்கத்தின் விசாரணைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவியாக இருந்த பெண் என்னைப் பேசச் சொன்னார். எழுந்தேன். வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? “வெரி சொறி, மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியென்றால் குற்றத்தை ஏற்றது சரி என்கிறீர்களா?”

ஆரணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“நோ, மேடம்!” எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். “நான் பார்க்கவில்லை. அவளிடம் கேட்கவுமில்லை. கேட்காமல் எழுதினேன். பிழை என்னுடையது, அவளுடையது அல்ல.” பெற்ற பிள்ளையை நம்பாதவன் என்று மூன்று அந்நியர் முன்னால் ஒத்துக்கொள்வது லேசான காரியமில்லை.

தலைவி ஆரணியின் பக்கம் திரும்பி, “என்ன நடந்தது, நீ சொல்” என்றார். ஆரணி சொன்னாள். கண் பந்திலேயே இருந்ததையும், கை எப்படி மேலே போனது என்பதையும் எழுந்து நின்று காட்டினாள். அங்கே வந்திருந்த நடுவர், தான் பின்னால் நின்றுதான் பார்த்ததாகச் சொன்னார். கொஞ்ச நேரம் வெளியே இருத்திவிட்டுக் கூப்பிட்டார்கள். அடிக்கும் எண்ணம் இல்லை. ஆனால் முழங்கையைக் கவனமில்லாமல் உயர்த்தியது உண்மை. தடை ஒரு ஆட்டம்.

காரில் ஏறியதும், “அரையிறுதி போச்சே, பிள்ளை” என்றேன்.

“பரவாயில்லை அப்பா. எல்போ கொஞ்சம் மேல போனதுதான். அவையள் என்னட்டக் கேட்டவைதானே.” பிறகு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “நான் உண்மையா அடிச்சிருந்தால் என்ன எழுதியிருப்பியள்?” என்று கேட்டாள்.

“முதல்ல உன்னட்டக் கேட்டிருப்பன்.”

“பொய்!” என்றாள். ஆனால் சிரித்தாள்.

அரையிறுதி அன்று மைதானக் கம்பிக்கு வெளியே என்னோடு நின்றாள். விளையாட முடியாது என்று தெரிந்தும் சப்பாத்துப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். கடைசிப் பகுதியில் ஒரு பந்து கம்பிக்கு மேலால் பறந்து வந்து என் நெஞ்சில் அடித்தது. தேத்தண்ணி முழுக்கச் சட்டையில். உதைத்த பிள்ளை உள்ளே நின்று என்னைப் பார்த்தாள். ‘சொறி’ என்ற அந்தச் சொல் என் வாய் வரை வந்துவிட்டது. ஆரணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து பந்தை எடுத்தேன். அவர்களைப் போல உதைக்கத் தெரியாது. ஊரில் எறிகிற மாதிரிக் கையால் எறிந்தேன். பந்து கம்பியைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் வெளியே வராமல், விழுங்கவும் முடியாமல், தொண்டையிலேயே நின்றது.