கனம் குறைந்த பிராக்கெட்

அந்த ஆளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். நாகர்கோவில் பக்கத்துக்காரன் என்று ஊரே சொல்லும், அவன் பேச்சு மட்டும் சொல்லாது. நான் ஸ்ரீவராகத்துத் தமிழன் என்று தெரிந்தும் மலையாளத்தில்தான் பேசினான். எனக்கு மட்டும் வராதா என்று நானும் மலையாளத்திலேயே பதில் சொன்னேன். இரண்டு தமிழர்கள் முறைத்துக்கொண்டு மலையாளம் பேசியது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அப்போது உறைக்கவில்லை.

போனது காருக்காக. மிகப் பழைய கார். பின்சக்கரத்தின் குலுக்கலை வாங்கும் ஷாக் அதில் முழங்கை போல மடங்கும் பழைய வகை. எண்ணெய் கசிந்து செத்துவிட்டது, மாற்றும் கிடைப்பதில்லை. குழாய் வடிவ ஷாக் போடலாம், ஆனால் அதைப் பிடித்து நிறுத்த அந்தக் காரில் இடம் கிடையாது. மேலே சட்டத்தில் ஒன்று, பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் ஒன்று என்று பக்கத்துக்கு இரண்டு பிராக்கெட் புதிதாகச் செய்தாக வேண்டும்.

என் மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வண்டி தூக்கிப்போடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் காரின் அகலமான பின் சீட்டில்தான் அவளால் கால் நீட்டிச் சாய முடிந்தது. அவள் பிசியோதெரபிக்குப் போய்வந்து மறுபடி நடப்பதெல்லாம் அந்த நான்கு இரும்புத் துண்டுகளில் இருந்தது.

அட்டையில் நானே வெட்டிய அளவை அவன் மேசையில் வைத்தேன். திருப்பிப் பார்த்துச் சிரித்தான். சுருக்கென்றது. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் பாகம் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். என் மேதாவித்தனத்தைக் காட்ட வேண்டாமா? அடியில் வருகிற பிராக்கெட்டின் அட்டையைத் தொட்டு, “இது கனம் குறஞ்ஞது மதி” என்றேன், கனம் குறைந்ததே போதும் என்று.

“கனம் குறஞ்ஞதோ? உறப்பாணோ சாரே?”

நிச்சயந்தானா என்று என்னையே கேட்கிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. “பறஞ்ஞது செய்தா மதி” என்று வாயை அடைத்தேன்.

சொன்னதைச் செய்தான். நான்கையும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, காரில் மாட்டியே வைத்திருந்தான். குனிந்து பார்க்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் மனைவியை ஏற்றிக்கொண்டு போகும்போது தம்பானூர் தாண்டி ஒரு பள்ளம். டமார் என்று சத்தம். அடியில் இருந்த பிராக்கெட் அப்பளம் மாதிரி மடங்கி, ஷாக் கழன்று தரையில் உரசியது. அவள் போட்ட அலறலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடிவந்தார்கள். பழையபடி மூன்று வாரம் படுக்கை. அதுவரை பழகியிருந்த பத்தடி நடையும் போயிற்று.

மடங்கிய தகட்டைக் கொண்டுபோய் அவன் மேசையில் வீசினேன். வந்திருந்த ஆட்கள் முன்னால், இந்தத் தடவை தமிழிலேயே, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். மூன்று மில்லி தகட்டில் செய்கிறவன் மனுஷனா, என் மனைவி படுத்துக் கிடக்கிறாள் என்று கத்தினேன். அவனும் முதன்முதலாகத் தமிழில் வாய் திறந்தான்.

“கனம் குறைஞ்சது போதும்னு நீருதான வே சொன்னீரு? உறப்பான்னு நான் கேக்கலியா?”

“கனம்னா எடை.”

“அது தமிழ்ல. நீரு மலையாளத்துலல்லா சொன்னீரு? மலையாளத்துல தகட்டுக்குக் கனம்னா தடிப்பு. ஒமக்குத் தெரியாதா?”

தெரியும். பள்ளிக்கூடமே மலையாளத்தில் படித்தவன் நான். வாயில் மலையாளமும் மனசில் தமிழுமாக உளறியிருக்கிறேன். அவன் சொன்னது சரி என்பதாலேயே அவன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

“தொழில் தெரிஞ்சவன்னா தாங்காதுன்னு சொல்லியிருக்கணும்.”

“சொல்ல விட்டீரா?”

ஆறு மில்லி தகட்டை வெட்டி, எடை குறைய நடுவில் துளை போட்டு, இரண்டே நாளில் மாட்டிக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்க நாக்கு நுனி வரை வந்ததை முழுங்கிவிட்டேன்.

பட்டறைக்காரன் மெல்லிய தகட்டில் செய்துவிட்டான் என்று வீட்டில் பாதியைத்தான் சொன்னேன். வலி வரும்போதெல்லாம் அவள், “கட்டேல போறவன், என்னை இப்படிப் படுக்கப் போட்டுட்டானே” என்று அவனைச் சபிப்பாள். நானும் கூசாமல் ஒத்து ஊதினேன்.

அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு, பிசியோதெரபிக்குக் கூட்டிப்போன முதல் நாள் ஆரியசாலை வழியாகப் போக வேண்டியிருந்தது. தோண்டிப் போட்ட ரோடு. கார் மெத்தென்று ஏறி இறங்கியது. பட்டறை வாசலில் நின்றிருந்தவன் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தான். நிமிர்ந்து, பின் சீட்டில் சாய்ந்திருந்தவளைப் பார்த்தான். அவளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று என்னிடம் கையால் கேட்டான்.

“ஏன்னா, யாரு அது? விசாரிக்கறார் போலிருக்கே” என்றாள் அவள்.

“யாரோ” என்றேன்.