முழங்கால் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்

போன வருஷம், பாளையங்கோட்டைக்கு வெளியே நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எல்லாம் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று, இடித்த வீடுகளிலிருந்து வரும் ஜன்னல், உத்திரம், ஓடு என்று தேடித் தேடிச் சேர்த்தோம். பேட்டைப் பக்கம் ஒரு பழைய மரக்கடையில், படுக்கையறைக்குத் தோதாக ஒரு தேக்குக் கதவு கிடைத்தது.

துடைக்கும்போதுதான் கவனித்தேன். தாழ்ப்பாள் என் முழங்கால் உயரத்தில் இருந்தது. மேலே இன்னொன்று இருந்த தடமே இல்லை, ஓர் ஆணி ஓட்டைகூட இல்லை. அந்தத் தாழ்ப்பாளைச் சுற்றி மட்டும் மரம் கைபட்டுக் கைபட்டு வழவழவென்றிருந்தது. சின்னப் பிள்ளைக்காக வைத்ததா? பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்தானே வைப்பார்கள்!

கதவு மாட்ட வந்த ஆசாரி, "தெரியாதவன் எவனோ மாட்டியிருக்கான்க்கா. கழட்டிருதேன்" என்றார். இதைத் தொடாதீர்கள், மேலே வேறொன்று போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மனசு அதிலேயே கிடந்தது. மரக்கடை அண்ணாச்சிக்கு போன் செய்தேன்.

"கதவு நல்லாருக்கா, அதச் சொல்லுங்க" என்று சிரித்தார். பிறகு, அது சேரன்மகாதேவியில் இடித்த வீடு, அவர்கள் இப்போது பெருமாள்புரத்தில் இருக்கிறார்கள் என்று வழியும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா, தரையில் கைகளை ஊன்றி நகர்ந்து வந்தார். சிறுவயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டனவாம். கேட்க வந்த கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

கதவையும் தாழ்ப்பாளையும் பற்றிச் சொன்னதும், "எங்கப்பா வச்சாவ. 'இனி நீயே சாத்திக்கோ, நீயே தொறந்துக்கோ'ன்னாவ. இப்பவும் கரகரன்னு சத்தம் போடுதா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இங்கன எப்படிக்கா?" என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

அது தம்பி கட்டிய புது வீடு. எல்லாத் தாழ்ப்பாளும் மேலே. அவர் குளிக்கும்போது தம்பி மனைவி வெளியே காவல் நிற்பாராம். "ஒரு குறையும் வைக்கல. கதவத்தான் சாத்திக்கிட முடியல" என்றார்.

தம்பியிடம் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனேன். அறைக்கும் குளியலறைக்கும் தாழ்வாகத் தாழ்ப்பாள் வைத்தார். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தன நாளா ஏன்க்கா சொல்லல?"

"வீடு பாத்துப் பாத்துக் கட்டினியேலே. அதுல போயி எப்படிக் குறை சொல்ல?"

அக்கா உள்ளே போய்ச் சாத்தினார். திறந்தார். மறுபடி சாத்தினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் தம்பியும் ஆசாரியும் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்கு விசித்திரமாகத் தெரியும் ஒன்று இன்னொருவருக்கு எவ்வளவு அவசியமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது; இப்போதெல்லாம் எதையும் சரிசெய்யப் போகுமுன், அது யாருக்காக அப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.