மச்சானைத் தோற்கடித்த கதை

மகளின் கலியாணம் போன சனிக்கிழமை டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் நல்லபடியாக முடிந்தது. மண்டபம் நிறைந்தது. சாப்பாடு குறையவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கவில்லை. இதோடு இந்த வாரப் பத்தியை முடித்துக்கொள்ளத்தான் ஆசை.

ஆனால் அன்று காலை வீட்டில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெண்ணுக்குப் பாலறுகு வைத்து முழுக வார்க்கும் நேரம். முதலில் தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் பாலில் தோய்த்த அறுகம்புல்லைப் பெண்ணின் தலையில் வைக்கலாம். முன்னின்று நடத்திய அக்கா ஒருவர் சுற்றிப் பார்த்தார்.

"தாய்மாமனை வரச் சொல்லுங்கோ. நேரம் போகுது."

என் மனைவி சுகந்திக்கு ஒரே ஒரு தம்பி, என் மச்சான். லண்டனில் இருக்கிறார். வரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும் — மகளைத் தவிர. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"மோர்புரோர் எங்கே?" என்று டெனிஷில் கேட்டாள். தாய்மாமனுக்கு டெனிஷில் அப்படி ஒரு தனிச் சொல் இருக்கிறது.

"மாமாக்கு லீவு கிடைக்கேல்லை பிள்ளை" என்றேன். கலியாண நாளில் நான் சொன்ன முதல் வார்த்தையே பொய்.

சமாளிக்கத் தெரிந்தவன் இல்லையா நான்? பக்கத்து வீட்டுக்காரரைக் கண்ணால் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரர், காற்றாலைக் கம்பெனியில் இன்ஜினியர், சுகந்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மனிதர் பதறிப்போனார்.

"சார், நான் எப்படி சார்... இது சொந்த மாமா செய்யறதாச்சே?"

"ஒருத்தரும் உடைக்க வேண்டாம்" என்றாள் சுகந்தி. தேங்காயைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் குசினி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மச்சான் வராததற்குக் காரணம் என்ன தெரியுமா? பிரிட்டிஷ் அரசியல்!

சிரிக்காதீர்கள். நான் டென்மார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பிரிட்டனில் எனக்கு ஓட்டு இல்லை, வீடு இல்லை. வரி கட்டியதில்லை. ஆனாலும் லண்டன் தமிழர்கள் நடத்தும் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் மூன்று வருடமாக நான்தான் அந்நாட்டு நிதி அமைச்சர். பட்ஜெட்டில் எங்கே ஓட்டை, வட்டி ஏன் ஏறுகிறது, ஆஸ்பத்திரியில் ஏன் இவ்வளவு காத்திருப்பு, எந்தக் கட்சி எந்தக் கட்சியை விடக் கேவலம்... எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வேலை இடைவேளையில் எழுதுவேன். பஸ்ஸில் எழுதுவேன். சுகந்தி கறி கொதிக்கிறது, கொஞ்சம் பாருங்கோ என்று சொல்லிவிட்டுப் போனால், கறி அடிப்பிடிக்கும் வரை எழுதுவேன்.

சரி, டென்மார்க் அரசியலைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறேன்? ஒன்றுகூட இல்லை. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் வெளிநாட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு வரும். "நாங்கள் உன்னைச் சொல்லவில்லை" என்பார்கள். நான் கறுப்புப் பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். வாழ்கிற நாட்டில் வாயை மூடிக்கொண்டு, வாழாத நாட்டில் வீரம் காட்டுகிறவர்கள் நாங்கள். அதில் ஆபத்தில்லை என்று நினைத்தேன்.

மச்சானும் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தார். இலங்கையிலிருந்து வந்து இறங்கிய முதல் எட்டு மாதம் எங்கள் வீட்டு சோபாவில்தான் படுத்தார். பிறகு டெனிஷ் குடியுரிமை எடுத்து, பிரெக்சிட்டுக்கு முன்பு ஐரோப்பியக் கதவு திறந்திருந்த காலத்தில் லண்டனுக்குப் போனார். கடை போட்டார். கடைசியில் ஒரு கட்சியில் சேர்ந்தார். எல்லையை மூடு என்கிற வகைக் கட்சி. பெயரைச் சொன்னால் கமெண்டில் அடுத்த சண்டை தொடங்கிவிடும், விடுங்கள். உள்ளூர் கவுன்சில் தேர்தலில் அவரையே நிறுத்துவதாகப் பேச்சு. சுகந்தி ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். "தம்பி கவுன்சிலர் ஆகப்போறான்!"

எனக்கு எரிந்தது. கொள்கைக் கோபம் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், பாதி பொறாமை. நம் சோபாவில் படுத்தவன் மேடையில் நிற்கிறான்.

ஒரு நாள் அவர் அந்தப் பக்கத்தில் எழுதினார்: "ஆவணம் இல்லாமல் வருகிற ஒவ்வொருவனும் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து."

இதற்குப் பதில் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. நான் எடுத்தது ஆயிரத்தோராவது. "நீர் தலை மாற்றின பாஸ்போர்ட்டில் வந்ததை மறந்துவிட்டீரா?" என்று கேட்டேன். தலை மாற்றுவது என்றால், வேறொருவன் பாஸ்போர்ட்டில் படத்தை மட்டும் மாற்றுவது. அதோடு விட்டேனா? எந்த ஊர் வழியாக, யாருடைய பெயரில், பிடிபடாமல் இருக்க என்ன சொன்னார்... எல்லாம் எழுதினேன். சோபாவில் படுத்திருந்த நாட்களில் என்னிடம் அழுது அழுது சொன்னது அத்தனையும்.

எங்கள் ஆட்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் எப்படி வந்தான், அகதிக் கேஸில் என்ன சொன்னான் என்பதை அடுத்தவன் வெளியில் கதைப்பதில்லை. வெட்டுக்குத்தில் இருக்கிற பகையாளிகள்கூட அதைத் தொடமாட்டார்கள். நான் தொட்டேன்.

தமிழில்தானே எழுதுகிறேன், வெள்ளைக்காரனுக்கு என்ன புரியப் போகிறது என்ற தைரியம். கமெண்டுக்குக் கீழே "மொழிபெயர்" என்று ஒரு பட்டன் இருப்பது எனக்குத் தெரியும். தினமும் கண்ணில் படுவதுதான். அதை வேறு யாராவது அமுக்குவார்கள் என்றுதான் தோன்றவில்லை.

மச்சானின் கட்சிக்காரர் ஒருவர் அமுக்கினார். அடுத்த கூட்டத்தில் அதை அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் கேள்வி கேட்டார்களாம். மச்சான் தானாகவே விலகிக்கொண்டார். நான் கமெண்டை அழித்தேன். அழித்து என்ன, அதற்குள் எத்தனை பேர் போனில் படம் பிடித்திருப்பார்கள்? பழைய அகதிக் கோப்பை யாராவது கிளறுவார்களோ என்று பயந்து, இப்போது சட்டத்தரணியிடம் போய் வருகிறாராம். இத்தனை வருடம் கழித்து அந்த மனிதர் மறுபடி அகதி மாதிரி நித்திரை இல்லாமல் இருக்கிறார். என் கையால்.

கலியாணக் கார்டு அனுப்பிவிட்டு நானே போன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். எரிச்சலில் ஏதோ எழுதிவிட்டேன் என்றேன்.

"பொய்யெண்டா மன்னிச்சுப்போட்டு வந்திருப்பன் அத்தான்" என்றார். "நீங்கள் எழுதினது உண்மை. உங்களை நம்பித்தானே சொன்னனான்?"

"அக்காக்காகவாவது வா."

"அக்கா சுகமா இருக்கட்டும்." வைத்துவிட்டார்.

அவர் எழுதிய அரசியல் தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். அதில் மாற்றமில்லை. ஆனால் சரியான பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துரோகம் செய்ய உரிமை உண்டு என்று எனக்கு யார் சொன்னது? என்னைப் போல எத்தனை பேர், நியாயம் நம் பக்கம் என்ற தெம்பில், நம்பியவன் கழுத்தைப் பிடிக்கிறோம்... அதற்குக் கைதட்டவும் ஆள் இருக்கிறது. எனக்கும் தட்டினார்கள். வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை, கலியாணக் களைப்பு தீரவில்லை. பழக்க தோஷத்தில் போனைத் திறந்தேன். சுகந்தி தேத்தண்ணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

"இண்டைக்கு எந்த நாட்டைக் காப்பாத்தப் போறியள்?"

போனை மூடினேன். அவள் பதிலுக்காக நிற்கவில்லை.

அந்தக் கவுன்சில் தேர்தல் எப்போதோ முடிந்துவிட்டது. மச்சான் நிற்கவிருந்த இடத்தில் கடைசியில் யார் வென்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.