லொரெய்ன் கேலினின் மூக்கு

லொரெய்ன் கேலின் எங்கள் தெருவுக்கு இருபத்தேழு வருடம் தபால் கொண்டுவந்தவள். எனக்கு எதிர் வீட்டுக்காரியும் அவள்தான். லூயிவில் நகரத்தின் ஜெர்மன்டவுன் பகுதியில் இருக்கிற வீடுகளெல்லாம் ஒடுக்கமாக, தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். அந்த வீடுகளுக்கெல்லாம் தோளில் பையோடு நடந்தே தபால் போடுவாள். என் வீட்டுப் படியேறும்போதே மூக்கை ஒரு சுருக்குச் சுருக்கி, "மார்லா, உள்ள வெங்காயம் அடிபிடிக்குது, போய்ப் பாரு" என்று கடிதத்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். எந்த வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது, யார் மறுபடியும் சிகரெட் பிடிக்க ஆரம்பித்துவிட்டார் என்பதெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு அவளுடைய சமையலறையில் மூன்று பேர் கூடுவோம். லொரெய்ன், அவள் அக்கா பெர்னடெட், நான். ஆளுக்கு ஒரு தம்ளர் ஓல்ட் ஃபேஷன்ட் என்கிற விஸ்கிக் கலவை. இரண்டாவது கேட்டால், "இது என் வீடு, பார் இல்ல" என்பாள். இந்தக் கலவை பிறந்ததே எங்கள் ஊரில்தான் என்று நாங்கள் சாதிப்போம். வெளியூர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களை நாங்கள் கூப்பிடுவதில்லை.

அவள் அதைக் கலக்குவதைப் பார்க்கவே நான் கொஞ்சம் முன்னதாகப் போய்விடுவேன். அடி கனத்த குட்டைத் தம்ளரில் ஒரு சர்க்கரைக் கட்டியை வைப்பாள். அதன் தலையில் பிட்டர்ஸ் என்கிற மூலிகைக் கசப்புச் சாறு மூன்று சொட்டு விழும். ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, சிறிய மரக்குழவியால் நசுக்குவாள். சர்க்கரை இன்னும் நறநறவென்று கேட்டால் பர்பன் விஸ்கி புட்டியைத் தொடவே மாட்டாள். சத்தம் அடங்கியபின் விஸ்கியை ஊற்றி, தம்ளரை அடைத்துக்கொள்கிற மாதிரி ஒரே பெரிய ஐஸ்கட்டியைப் போட்டு, நீளக் கரண்டியால் சாவகாசமாகக் கிளறுவாள். கடைசியாக ஆரஞ்சுத் தோலை விரல் நீளத்துக்குச் சீவி, தம்ளருக்கு மேலே பிடித்து ஒரு முறுக்கு. தோலிலிருந்து எண்ணெய் பனி மாதிரி தெறிக்கும். சமையலறையே ஒரு கணம் மாறிப் போகும்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதான டிசம்பரில் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்து நடமாடினாள். மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. வாசனையும் இல்லை, வாசனையோடு சேர்ந்து ருசியும் இல்லை. "சூப்பு குடிச்சா சுடுதண்ணி, ரொட்டி தின்னா பஞ்சு" என்றாள். தெருவில் தபால் போடும்போது வாய் திறக்காமல் போக ஆரம்பித்தாள். நான் இரண்டு தடவை வெங்காயத்தைக் கருக்கினேன்.

வெள்ளிக்கிழமையை மட்டும் விடவில்லை. "கைக்குத் தெரியும்டி, மூக்கு எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே கலக்கினாள். ஆனால் கை அவளைக் கைவிட்டது. நாக்கில் ஏதாவது தட்டுப்படாதா என்ற ஆசையில் மூன்று சொட்டு ஆறாயிற்று, ஆறு பத்தாயிற்று. பிப்ரவரியில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், பதினாறு. நானும் பெர்னடெட்டும் வாயே திறக்கவில்லை. எப்படித் திறப்பது? அவள் ஒவ்வொரு தடவையும் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். பெர்னடெட் ஜன்னலோரம் உட்கார்ந்து, தங்கை திரும்பும் நேரத்தில் தம்ளரைப் பெரணிச் செடித் தொட்டியில் சாய்த்துவிடுவாள்.

மார்ச் மாதம் லொரெய்னுக்குப் பக்கத்து வீட்டில் டாய்ல் கோம்ஸ் குடிவந்தார். அறுபத்திரண்டு வயது, மனைவியை இழந்து ஆறு வருடம். கிழக்கே மலைப்பக்கத்துக்காரர். நாற்பது வருடம் வீடுகளுக்குக் கம்பளத் தரை போட்டவர். வாழ்நாளில் பாதி முழங்காலில் கழிந்ததால், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு நிமிடம், எழுந்தால் நடக்க ஒரு நிமிடம். பக்கத்து வீட்டுக்காரரை ஒரு தடவையாவது கூப்பிடாமல் இருப்பது முறையல்ல என்று லொரெய்ன் அந்த வெள்ளிக்கிழமை அவரை அழைத்தாள். சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

முதல் மடக்கு குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள் லொரெய்ன்.

"பிரமாதம்" என்றாள் பெர்னடெட், அவரை முந்திக்கொண்டு.

டாய்ல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், நான் குடிச்சுப் பழகினவன் இல்ல. எங்க மாவட்டத்துல மதுக்கடையே கிடையாது. தெரியாமத்தான் கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. இது இப்படித்தான் இருக்கணுமா?"

"எப்படின்னு சொல்லுங்க."

"சின்ன வயசுல ஒரு பந்தயத்துக்காக வேலிக்கம்பிய நக்கினேன். அந்த ருசி."

நான் மேஜை விரிப்பில் இருந்த பூவை எண்ணத் தொடங்கினேன். லொரெய்ன் மெல்ல அக்கா பக்கம் திரும்பினாள். "நிஜமா?"

"கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றாள் பெர்னடெட். "ஒரு பொட்டு."

"எவ்வளவு நாளா?"

பெர்னடெட் செடியைப் பார்த்தாள். லொரெய்னும் செடியைப் பார்த்தாள். அதன் இலையெல்லாம் பழுப்பாகி, சுருண்டு கிடந்தது.

"அடப்பாவி" என்றாள் லொரெய்ன். "அதுக்கு மூணு மாசமா உரம் போட்டுட்டிருக்கேன்." பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துண்டை அவிழ்த்து நாற்காலி மேல் போட்டாள். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

டாய்ல் எழுந்திருக்க வழக்கம்போல ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடம் போல நீளமான நிமிடத்தை நான் கண்டதில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை அழைப்பே வரவில்லை. மூன்றாவது வாரம் புதன்கிழமை, டாய்ல் வீட்டுப் படியில் லொரெய்ன் நின்றதை என் வாசலிலிருந்து பார்த்தேன். தபாலை நீட்டினாள், ஆனால் பிடியை விடவில்லை.

"கோம்ஸ், உங்க மூக்கு ஒழுங்கா வேலை செய்யுதா?"

"தும்மல் நல்லா வருது."

"என்கிட்ட உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். வெள்ளிக்கிழமை வாங்க. மூணு சொட்டுலேருந்து மறுபடி ஆரம்பிக்கணும்."

அப்படித்தான் டாய்ல் எங்களில் நான்காவது ஆளானார். லொரெய்ன் கலக்குவாள். ஒவ்வொரு கட்டத்திலும் தம்ளரை அவர் பக்கம் தள்ளுவாள். அவர் முகர்ந்து பார்த்து, ஒரு மிடறு குடித்து, என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். முதலில் "நல்லாருக்கு", "பரவாயில்ல" என்றார். லொரெய்ன் கரண்டியால் மேஜையைத் தட்டினாள். "நல்லாருக்குன்னா எனக்கு என்ன தெரியும்? கண்ணு தெரியாதவ கிட்ட வானம் நல்லாருக்குன்னு சொன்னா போதுமா? பிரிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். கம்பளம் விரிக்கிறவர் அளவெடுக்கிற மாதிரி, அவசரமில்லாமல். பர்பனை முகர்ந்துவிட்டு, "புதுசா இழைச்ச மரத்தரை. அது மேல யாரோ சூடா ஒரு கேக்கை வச்சிட்டு மறந்து போயிட்டாங்க" என்றார். பிட்டர்ஸ் புட்டியை முகர்ந்தார். "எங்க சித்தப்பாவோட கோட்டுப் பை. கிராம்பு, மரப்பட்டை, கொஞ்சம் பொய்." ஆரஞ்சுத் தோலுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "கிறிஸ்துமஸ் லீவுக்குப் பள்ளிக்கூடம் விடுறாங்க. மணி அடிச்சாச்சு. கதவு இன்னும் திறக்கல. திறக்கப் போகுது."

லொரெய்ன் கரண்டியைக் கீழே வைத்தாள். தன் தம்ளரை எடுத்துக் குடித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு, ருசித்துக் குடிக்கிறவள் முகம் அவளுக்கு அன்றைக்குத்தான் வந்தது.

மருத்துவர் அவளுக்கு ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். ஆரஞ்சு, கிராம்பு, காப்பித்தூள், ரோஜா என நாலு புட்டி. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் முகர்ந்து, அதன் மணத்தை நினைவில் தேடவேண்டும். அலுத்துப்போய் விட்டுவிட்டிருந்தாள். இப்போது மறுபடி தொடங்கினாள். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை தோலை முறுக்கியவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டாய்ல், டயர் எரியுற நாத்தம் அடிக்குது."

நாங்கள் எல்லோரும் மோந்து பார்த்தோம். ஒன்றும் எரியவில்லை. ஆரஞ்சுத் தோல்தான் அவளுக்கு அப்படித் தெரிந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. "போச்சு. இதுக்கு ஒண்ணும் தெரியாமலே இருந்திருக்கலாம்."

"என்னம்மா இப்படிச் சொல்றே?" என்றார் டாய்ல். அவர் அவளை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. பெர்னடெட் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். "போன வாரம் வரைக்கும் ஒண்ணுமே வரல. இன்னிக்கு டயர் வந்திருக்கு. டயர் வந்த வழியில ஆரஞ்சு வராதா?"

வர மூன்று மாதம் பிடித்தது. நடுவில் காப்பி அவளுக்கு ஈர நாயாகவும், ரோஜா பழைய பேட்டரியாகவும் இருந்தன. டாய்ல் ஒவ்வொன்றையும் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் குறித்துவைத்தார். "ஈர நாய்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு நாயும் வரைந்திருந்தார்.

அக்டோபர் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். தபால் சீருடையோடு தெருவைக் குறுக்கே கடந்து ஓடிவந்தாள். இரண்டு பக்கமும் பார்க்கக்கூட இல்லை. என் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஆரஞ்சுத் தோல்.

"மோந்து பாருடி. ஆரஞ்சுதானே?"

"ஆரஞ்சுதான்."

"எனக்கும் ஆரஞ்சு."

அப்படியே என் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். மூக்கை உறிஞ்சினாள். மறுபடி தோலை முகர்ந்தாள். என் அடுப்பில் இருந்த பீன்ஸ், என் தலைக்குப் போட்ட சோப்பு, கதவுக்குப் பின்னால் என் கணவரின் ஈரக் காலணி என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலணிக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டவளை நான் பார்த்ததில்லை.

"டாய்ல்கிட்ட சொல்லணும், வா" என்று நான் எழுந்தேன். அவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லாதே. தெரிஞ்சா அவரு சொல்றத நிறுத்திடுவாரு."

"எதை?"

"மரத்தரை, கேக்கு, பள்ளிக்கூடம். அதையெல்லாம்." அவள் காது சிவந்துவிட்டது. "ஒரு வாரம் பொறுடி."

ஒரு வாரம் மூன்று வாரமானது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி தம்ளரை நகர்த்துவாள். அவர் சொல்வார். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த மூன்று வாரமும் அவள் கலந்த மாதிரி ஓல்ட் ஃபேஷன்ட் இந்த ஊரில் எவனும் கலந்திருக்க முடியாது. பெர்னடெட் தன் தம்ளரை முழுசாகக் காலி செய்தாள். செடி துளிர்விட்டது.

நான்காவது வெள்ளிக்கிழமை டாய்ல் ஆரஞ்சுத் தோலை வெகுநேரம் முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். "இன்னிக்குப் பழம் மட்டம். மண்ணெண்ணெய் வாடை. தூக்கிப் போட்டுடலாம்."

"மண்ணெண்ணெயா?" என்று லொரெய்ன் பொரிந்தாள். "நாலு கடை ஏறி இறங்கிப் பொறுக்கியெடுத்த பழம். தேன் மாதிரி மணக்குது. உங்களுக்கு என்ன ஜலதோஷமா..." என்றவள் அங்கேயே நின்றாள்.

டாய்ல் சிரிக்கவில்லை. முகர்ந்த தோலைத் தம்ளருக்குள் போட்டார். "எப்போலேருந்து?"

"மூணு வாரம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வாரமா என்னைக் கேக்காம நீயா கிளறுறத நிறுத்துற. சரியான இடத்துல நிறுத்துற."

"அப்ப ஏன் வாயத் திறக்கல?"

"திறந்தா வெள்ளிக்கிழமைல எனக்கு என்ன வேலை? எதுக்குக் கூப்பிடுவே?"

லொரெய்ன் கரண்டியைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள். பெர்னடெட் என் காதில், "நாம கிளம்பலாமா?" என்றாள். நான் அசையவில்லை. பத்து மாதமாக அந்த வேலிக்கம்பித் தண்ணீரிலிருந்து இதுவரை கூடவே வந்திருக்கிறேன். இப்போது எழுந்து போக எனக்கென்ன பைத்தியமா?

"வெள்ளிக்கிழமைக்கு மட்டும்னு யாரு சொன்னா?" என்றாள் லொரெய்ன், முகத்தைத் திருப்பாமலே. "வாரத்துல இன்னும் ஆறு நாள் இருக்கே."

டாய்ல் எழுந்தார். அந்த ஒரு தடவைதான் அவர் ஒரே மூச்சில் எழுந்ததைப் பார்த்தேன்.

ஏப்ரலில் கல்யாணம். மாதாகோவில் கூடத்துக்கு வந்தவர்கள் எழுபது பேர். பாருக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று பாதிரியார் சொன்னதற்கு லொரெய்ன் ஒப்பவில்லை. வெள்ளை உடுப்புக்கு மேல் சமையல் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் அவளே கலந்தாள். நான் ஆரஞ்சு சீவினேன். என் விரல் மூன்று நாள் மஞ்சளாகவே இருந்தது.

எந்த வீட்டில் குடியிருப்பது என்பதில் மட்டும் தகராறு. அவள் தன் சமையலறையை விட மாட்டாள். அவர் தன் படுக்கையறைக்கு அப்போதுதான் சொந்தக் கையால் கம்பளம் போட்டிருந்தார், அதை விட மாட்டார். ஆகவே இந்த வீட்டில் சாப்பிட்டு அந்த வீட்டில் தூங்குகிறார்கள். நடுவில் இருந்த வேலியைப் பிடுங்கியாகிவிட்டது. காலை ஆறரைக்கு லொரெய்ன் இரவு உடையில் காப்பி போட முற்றத்தைக் கடந்து போவதைத் தெருவே பார்க்கிறது. போன மாதம் டாய்ல் இரண்டு வாசலுக்கும் நடுவே பலகை பாவி, மேலே தகரம் போட்டுவிட்டார். மழைக்காம். பெர்னடெட் வந்து பார்த்துவிட்டு, இதற்குப் பதிலாக ஒரு வீட்டை விற்கலாமே என்றாள். இரண்டு பேரும் ஒரே குரலில், "எதை?" என்றார்கள்.