மணிக்கூண்டு நிறுத்தத்தின் நிமிடங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். காலை ஷிப்ட் பஸ் ராயபுரத்தில் புறப்படும். ஐந்து நாற்பதுக்குத் தண்டையார்பேட்டை மணிக்கூண்டு, பிறகு திருவொற்றியூர், விம்கோ நகர், ஆறரைக்குத் தொழிற்சாலை வாசல். இந்த நேரங்களை நினைவிலிருந்து எழுதவில்லை. டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் கடிகாரம் பார்த்து நாட்குறிப்பில் எழுதுவது என் பழக்கம். கடற்காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்தச் சுவரில் போஸ்டர் மாறியது என்பதெல்லாம்கூட அதில் இருக்கும். அதனால் யாருக்கும் கெடுதல் வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

பஸ்ஸுக்கு ஒரு லீடர் இருந்தார். கம்பெனி நியமித்ததல்ல. மூத்த சார்ஜ்மேன், குரல் பெரியது, அவ்வளவுதான். யாருக்கு எந்த இருக்கை, எந்த ஜன்னலைத் திறக்கலாம், தாமதமாக வருகிறவருக்கு நிற்கலாமா கூடாதா என்பதெல்லாம் அவர் தீர்ப்பு. அவர் வருவதற்கு முன்பு இருக்கைக்காகத் தினமும் சண்டை நடந்த பஸ் அது; எனவே எங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. மேலாளரின் கார் எங்களை முந்திப் போகும் நாட்களில், அது கண்ணை விட்டு மறையும்வரை லீடர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காருக்குள் இருந்தவர் ஒருநாளும் தலை தூக்கிப் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மனவியல் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மேலே இருப்பவரிடம் குனிகிறவர் கீழே இருப்பவரை ஏன் மிதிக்கிறார், ஒரு பேட்டை மக்களையே மட்டம் என்று நம்புவதில் அவருக்கு என்ன நிம்மதி கிடைக்கிறது என்பதைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் லீடர் தெரிந்தார். ஓரத்தில் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போனேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு திங்கட்கிழமை மணிக்கூண்டில் புதிதாக ஒரு வெல்டர் ஏறினார். தற்காலிக ஆள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து சைக்கிளில் வந்து, அதை டீக்கடையில் விட்டுவிட்டு ஏறுவார். அவருடைய டிபன் டப்பா மூடியில் புத்தர் படம் ஒட்டியிருந்தது. லீடர் அதைத் தட்டிக் காட்டினார்.

"இன்னா நைனா, போதி மரம் வியாசர்பாடியிலயா கீது?"

பஸ் சிரித்தது. வெல்டரும் சிரித்தார். "கீது அண்ணே. அதுக்குக் கீழ குந்தத்தான் எடமில்ல. ஒரே தண்ணிக் கொடமா கீது."

பஸ் இன்னும் பலமாகச் சிரித்தது. லீடர் சிரிக்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலை வெல்டரைக் காணோம். டிரைவர் காத்திருந்தார். வெல்டர் மூச்சு வாங்க ஓடிவந்து ஏறியதும் லீடர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்தாண்ட ஆளுங்களுக்கு டைமுன்னா இன்னான்னே தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீதான் எல்லாத்தையும் எழுதுவியே. இத்தையும் எழுதிக்கோ."

வெல்டரின் தாமதம், நான்கு நிமிடம் என்று எழுதினேன். எழுதும்படி லீடர் சொன்னது அந்த ஒரே முறைதான்; அதன் பிறகு அவர் தாமதங்களை நானாகவே எழுதிவந்தேன்.

வெல்டர் அன்று என் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். "கொருக்குப்பேட்ட ரயில் கேட்டு சார். டேங்கர் கூட்ஸு வண்டி குறுக்க நின்னுகினா நான் இன்னா பண்றது? சைக்கிள தோள்ல போட்டுகினு கம்பிக்குக் கீழ பூந்து வரேன்." பிறகு குரலைத் தணித்தார். "பர்மனென்ட் ஆனா கம்பெனி அட்டை குடுப்பாங்கோ. அத்த காட்டுனா திருவொத்தியூர்ல வூடு கெடைக்கும். இப்போ வியாசர்பாடின்னாலே, 'அந்தாண்ட ஆளு வந்துட்டாங்கோ'ன்னு வூட்டுக்காரன் கதவச் சாத்துறான். கேட்டுக்கு இந்தாண்ட வந்துட்டேன்னு வையி, அப்பால லேட்டே கெடையாது."

அவர் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

இரண்டாம் வருடம் ஆடியில் நிரந்தரப் பட்டியல் தயாரானது. வெல்டரால் பஸ் தாமதமாகிறது, மாற்று ஆள் வராமல் இரவு ஷிப்ட் ஆட்கள் வீட்டுக்குப் போக முடியாமல் தவிக்கிறார்கள் என்று லீடர் பர்சனல் ஆபீசரிடம் சொன்னார். ஆதாரம் கேட்டாராம் ஆபீசர். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் லீடர் ஸ்டோர்ஸுக்கு வந்தார்.

"சார், ஒன் நோட்டக் குடு. ஆபீசரு பாக்கணும்ன்றாரு."

அத்தனை வருடங்களில் என் நாட்குறிப்பில் ஒரு வரியைக்கூட யாரும் படிக்கக் கேட்டதில்லை. எதற்கென்று நான் கேட்கவில்லை, தெரியும். எழுதியிருப்பது உண்மைதானே என்று சொல்லிக்கொண்டேன். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். ஆபீசர் தேடிச் சிரமப்படக் கூடாதென்று, வெல்டரின் பெயர் வரும் பக்கங்களிலெல்லாம் காகிதத் துண்டு செருகிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டியலை ஒட்டினார்கள். வெல்டர் அதை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். அன்று மாலை பஸ்ஸில் ஏறவில்லை. மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் நாட்குறிப்பு திரும்பி வந்தது. வெல்டரின் நிமிடங்களுக்கெல்லாம் சிவப்பில் அடிக்கோடு. வீட்டில் உட்கார்ந்து, காகிதத் துண்டு இல்லாத பக்கங்களைப் படித்தேன். "மணிக்கூண்டில் சற்றுத் தாமதம்." "மணிக்கூண்டில் காத்திருந்தோம்." அதே நிறுத்தம்தான். சில நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. லீடரின் மச்சான் இட்லி பொட்டலத்துக்காக நிற்பார்; டர்னர் ஒருவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஏறுவார். அவர்கள் பெயர் இல்லை, நிமிடம் இல்லை. அந்த நாட்களிலும் அதே கடிகாரம் என் கையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பஸ்ஸில் லீடரிடம் சொன்னேன். "அண்ணே, உங்க மச்சானுக்காகவும் பஸ் நின்னிருக்கு."

அவருக்குக் கோபம் வரவில்லை. "நின்னுது. எங்க எழுதிக்கீற, காட்டு?"

மடியிலிருந்த நாட்குறிப்பைப் பைக்குள் வைத்தேன்.

"நோட்டு ஒன்னுது, பேனா ஒன்னுது. நானா ஒங் கையப் புட்ச்சி எழுதுனேன்?"

ஆபீசரிடமும் போனேன். அவரும் மச்சானின் நிமிடங்கள் உள்ள பக்கங்களைத்தான் கேட்டார். அவை இல்லை. நடந்து இரண்டு வருடமான காத்திருப்புக்கு இப்போது நிமிடம் போட்டால், அது நான் இட்டுக்கட்டுவதாகத்தான் இருக்கும்.

அந்த மனவியல் புத்தகத்தை எடுத்து, பென்சில் டிக்குகளை ரப்பரால் அழிக்கத் தொடங்கினேன். அழிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பத்தியையும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் ஒரு காலை கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். கேட் மூடியிருந்தது. பக்கத்தில் சைக்கிளோடு நின்றவர் என்னையே பார்த்தார். வெல்டர். கூடவே இன்னொருவர். இரண்டு பேரும் கிரில் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், நோட்டு எடுத்தாரலியா?"

வீடு எங்கே என்று கேட்டேன்.

"அதே வூடுதான். எங்க போறது?" தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். "கேட்டு மூடி எத்தினி நிமிஷமாச்சு? சொல்லேன்."

"பதினொண்ணு" என்றேன். அவர் கேட்பதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

"பாத்தியா மாமு, கரீட்டா சொல்வாரு" என்றார் கூட வந்தவரிடம். பிறகு சைக்கிளைத் தோளில் தூக்கி, குனிந்து, கம்பிக்குக் கீழே நுழைந்து போனார்.