ரோபோவுக்கு விசில் ஊதிய கதை

மாணவர்கள் செய்த ரோபோக்களுக்கு நடுவராக இருப்பது கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது மாதிரி. என்னதான் ஓடியாடிப் பார்த்தாலும் ஒரு தரப்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறும். எங்கேயாவது எதற்காவது விசில் பிடித்தவர்கள் என்றால், நீங்களும் என் கட்சிதான். வாருங்கள், சேர்ந்தே நொந்துகொள்வோம்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தவள். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் நாலைந்து சேர்ந்து வருடம் ஒரு போட்டி வைத்தோம். இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய மேசை. அதன் மேல் இரண்டு அணிகளின் ரோபோ வண்டிகள். நடுவில் காலித் தீப்பெட்டிப் பண்டல்கள் சிதறிக் கிடக்கும். வயர் வைத்த ரிமோட்டால் வண்டியை ஓட்டி, மூன்று நிமிஷத்துக்குள் யார் அதிகப் பண்டல்களைத் தங்கள் மூலைக் கூடையில் போடுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். முதல் பரிசு வாங்கும் ஒரே ஒரு அணிக்குத்தான் சென்னைப் போட்டி. விதிப்புத்தகம் எழுதியது நான். ஈ நுழைய இடம் இல்லாமல் எழுதிவிட்டேன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

குடை

முதல் வருடம், பக்கத்துக் கல்லூரியிலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் தன் அணியோடு வந்தாள். ஊர் எப்போதும்வென்றான். அந்த ஊர்ப் பெயருக்காகவே எதிரணிகள் அவளை ஓட்டித் தள்ளின. டிப்ளமோ மூன்று வருடம், அதனால் அவளுக்கு மூன்று வாய்ப்பு. படிப்பு முடிவதற்குள் சென்னைக்குப் போயே தீருவேன் என்று பெயர் பதியும்போதே சொல்லிவிட்டாள்.

ஒரு அடிப் பெட்டிக்குள் வண்டி அடங்க வேண்டும் என்பது விதி. அவளுடைய வண்டி சமர்த்தாக அடங்கியது. விசில் ஊதினேன். வண்டி நேராக மேசையின் நடுவுக்குப் போய், பழைய குடைக் கம்பிகளைப் படாரென்று நாலு பக்கமும் விரித்தது! பதினோரு பண்டல்கள் ஒரே வளைப்பில் உள்ளே. எதிரணி ஆசிரியர் "இது அக்கிரமம்" என்று குதித்தார். புத்தகத்தைப் புரட்டினேன். தொடங்கும்போது அடங்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேனே தவிர, தொடங்கிய பிறகு விரியக் கூடாது என்று எழுதவில்லை. பதினேழு வயதுப் பெண் என் புத்தகத்தை என்னைவிட நன்றாகப் படித்திருந்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் விரித்த குடை கூடைக்குள் போகவில்லை, மடங்கவும் இல்லை. பதினோரு பண்டல்களையும் அடைகாத்தபடி வண்டி நின்றுகொண்டிருக்க, எதிரணி வெளியே கிடந்த இரண்டே இரண்டைப் பொறுக்கிப் போட்டு ஜெயித்துவிட்டது. ஸ்டாப் வாட்ச் பிடித்திருந்த எங்கள் ஒர்க்‌ஷாப் சண்முகவேல் சார் சொன்னார்: "நம்ம பக்கம் மழைக்குக்கூட யாரும் இப்படிக் குடை விரிச்சதில்ல மேடம். விரிக்கப் படிச்ச புள்ள மடக்கப் படிக்கல, அதான் போச்சி."

கரிசல் போட்ட கோடு

மறு வருடம் புதிதாக ஒரு சுற்று சேர்த்தோம். தரையில் வெள்ளைப் பெயின்ட் அடித்த பலகை, அதில் வளைந்து போகும் கறுப்புக் கோடு. யாரும் தொடாமல் வண்டி தானாகவே கோட்டைப் பார்த்து ஓட வேண்டும். கோட்டை விட்டு விலகினால் அவுட். ஐப்பசி மாதம், முந்தின நாள் நல்ல மழை. எங்கள் ஊர்க் கறுப்புக் கரிசல் மண்ணில் ஈரக்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும்: பத்து எட்டுக்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்துவிடும். அப்புறம் காலைத் தூக்க முடியாது, இழுக்கத்தான் முடியும். நான் அந்தக் காலோடு பலகையில் குறுக்கே நடந்து போய் மைக்கை வாங்கிக்கொண்டு போட்டியைத் தொடங்கி வைத்தேன்.

பேச்சியம்மாளின் வண்டி முதல் வளைவு வரை அழகாக வந்தது. அங்கே என் கால் இழுத்த கறுப்புத் தடத்தைப் பார்த்ததும் தயங்கி, திரும்பி, அதைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது. ஹாலே கைதட்டியது. உயிரில்லாத ஒன்று என்னைத் தேடி வந்த அந்த நொடியை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. மற்றவர்கள் "அவுட், அவுட்" என்று கத்தினார்கள். நானும் பழக்க தோஷத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன். அவள் பலகையைக் காட்டினாள். பலகையைத் துடைத்து மறுபடி ஓடவிட்டோம். அதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது, மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அன்றைக்கு அவள் சொன்னது: "எங்க வண்டி கோட்ட விட்டு வெலகல மேடம். நீங்கதான் புதுசா ஒரு கோடு போட்டுட்டிய."

நிறைந்த பெட்டி

மூன்றாம் வருடம். அவளுக்குக் கடைசி. பண்டல்களை வருடாவருடம் இலவசமாகக் கொடுத்துவந்த தீப்பெட்டி ஆபீஸ் (எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) மேனேஜர் மாறிவிட்டதால், இந்த முறை முதலாளி தன் கையாலேயே அனுப்பினார். பயிற்சி ஓட்டத்தில் ஒரு வண்டியாலும் பண்டலைத் தூக்க முடியவில்லை. பிரித்துப் பார்த்தால் அத்தனையும் குச்சி நிறைந்த நிஜத் தீப்பெட்டி! சுற்றிலும் வயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சுட்டுக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய் ஒவ்வொரு ப்ளக்காகப் பிடுங்கினேன்.

எல்லா அணிகளும் முற்றத்தில் உட்கார்ந்து குச்சிகளைக் கொட்டின. பேச்சியம்மாள் தீப்பெட்டி வேலை தெரிந்தவள். இடது கையில் பெட்டி திறக்கும், வலது கை கவிழ்க்கும், மூடும். நான் ஒன்று முடிப்பதற்குள் அவள் ஆறு முடித்தாள். தூத்துக்குடி அணியின் அந்தோணிக்கு அந்த வேலை பிடிபடவே இல்லை. அவன் பங்கையும் இழுத்துப் போட்டு அவளே முடித்தாள். அன்றைக்கு இறுதிச் சுற்றில் மோத வேண்டியவர்கள் அவர்கள் இருவரும்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மத்தியானம் வந்த முதலாளியிடம், காலிப் பெட்டிதானே கேட்டோம் என்றேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்: "நல்ல காரியத்துக்குக் காலிப் பொட்டியவா குடுத்து விடுவாங்க? நெறச்சித்தாம்மா குடுக்கணும்."

இருபது நொடி

இறுதிச் சுற்று. பேச்சியம்மாள் ஏழு, அந்தோணி ஆறு. மேசையில் ஒரே ஒரு பண்டல்தான் பாக்கி, அதுவும் விளிம்பில். இருபது நொடி இருந்தது. அவள் வண்டியை அசைக்காமல் தன் கூடைக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். எதிரி அந்தப் பண்டலை எடுத்தாலும் போய்ச் சேர நேரம் போதாது என்று கணக்குப் போட்டிருந்தாள். மூன்று வருடத்தில் இவ்வளவு பொறுமை எங்கே கற்றாள் என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தோணி பதற்றத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தான். ஒரு சக்கரம் மேசையைத் தாண்டியது. வண்டி சாய்ந்து விளிம்பில் ஊசலாடியது. கீழே சிமென்ட் தரை. அடுத்த கணம் ரிமோட்டைப் போட்டுவிட்டு மேசையைச் சுற்றிப் பாய்ந்த பேச்சியம்மாள், விழுந்த வண்டியை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

நேரம் ஓடும்போது போட்டியாளர் கை எந்த வண்டியில் பட்டாலும் அவருடைய அணி அவுட். நடுவர் மட்டும்தான் தொடலாம். எனக்கு மூச்சு வரவில்லை, விசில் எங்கே வரும்? "ஊதாதீங்க மேடம், அவங்களே ஜெயிச்சதா இருக்கட்டும்" என்றான் அந்தோணி, அழுகிற குரலில். அவள் வண்டியை மேசையில் நேராக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நேரம் ஓடுது மேடம், ஊதுங்க. நீங்க எழுதுனதுதான" என்றாள்.

ஊதினேன். சென்னைக்கு அந்தோணி போனான். எல்லாம் கலைந்த பிறகு அவளிடம் போய், மூன்று வருஷ ஆசையை இப்படி விட்டுவிட்டாயே, ஏம்மா என்று கேட்டேன். வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "விழுதத பாத்துக்கிட்டு எப்பிடி மேடம் சும்மா நிக்க?"

பிள்ளைகள் எங்கெங்கே கை வைக்கக் கூடாது என்று பதினோரு பக்கம் எழுதிய எனக்கு, அந்த வண்டிக்கு எல்லோரையும்விடப் பக்கத்தில், தொடுவதற்கு எல்லா உரிமையோடும் நின்ற என் இரண்டு கைகளும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்பது மட்டும் இன்றுவரை நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.